சோபாக் கடைப் பெட்டியில் குளியல் பாட்டு

சோபாக் கடைக்காரன் கொடுத்த ஒலிபெருக்கிப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதுதான் அவர் வேலை. ஊருக்கு அவர் பெட்டிக்காரர். "வாங்க வாங்க, உக்காந்து பாருங்க" என்று ஒரே விளம்பரப் பாட்டு நாள் முழுக்க அலறும். கேட்கச் சகிக்காது. ஆனாலும் கால் அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டது. பாட்டு ஓடும்வரை யோசனை கிட்டே வராது.

யோசித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வரும். மனைவிக்கு நுரையீரல் போய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கேட்பது ஒன்றே ஒன்று, மகளைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற மகளை வாசலோடு விரட்டியவர் இவர்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கோ குடியிருக்கிறாள் என்று மட்டும் மச்சான் சொன்னான். அங்கே நடக்கலாம், முகம் பார்க்கலாம் என்றே இந்த வேலையைப் பிடித்தார்.

அங்கேதான் புத்தி கோட்டைவிட்டது. பெட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ஜன்னல்கள் எல்லாம் படபடவென்று சாத்திக்கொள்ளும். எந்த முகத்தைப் பார்ப்பது?

"மனுஷனா நீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் மனைவி. "சோபாப் பாட்டுக்கு எவ ஜன்னலத் தொறப்பா? போன நீட்டுங்க. சின்னதுல அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப பாடுவேனே, அதப் பாடுறேன், பதிஞ்சுக்குங்க."

மறுநாள் போனைப் பெட்டியில் செருகினார்.

"கண்ணுக்குள்ள சோப்பு போச்சா, கப்பலேறிப் போகட்டும்..."

நடுநடுவே இருமல். சலூன்காரர் சீப்போடு வெளியே வந்தார். "என்ன பெட்டி, சோபாவுக்குச் சளி புடிச்சிருச்சா?"

பெட்டிக்காரர் அவரைத் தாண்டி நடந்தார். தினம் மிதிக்கிற தெருதான், இன்று கால் எழவில்லை. ஒவ்வொரு படிக்கட்டும் மனைவி இனி ஏறமுடியாத படிக்கட்டாகத் தெரிந்தது. எதிரே பைக்கில் வந்த சோபாக் கடை சூப்பர்வைசர் கத்தினார்: "யோவ், நம்ம பாட்டு எங்கய்யா? பெட்டியக் கழட்டு!"

"இந்தத் தெரு மட்டும் சார். முடிச்சிட்டுக் கழட்டிடறேன். கால்ல வேணா விழறேன்."

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. கொஞ்ச நேரத்தில் செருப்புகூட இல்லாமல் மகள் இறங்கி வந்தாள். அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இது எப்பப் பாடுனது?"

"நேத்து."

"நேத்தா? அம்மாவுக்கு இப்படியா மூச்சு வாங்குது? எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னார். அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பின்னால் பெட்டி குலுங்க இவர். பாட்டு முடிந்து, இருமி, மறுபடி ஆரம்பித்தது.

"அத அணைச்சுத் தொலைங்கப்பா. கேக்க முடியல."

அணைத்தார். ஆஸ்பத்திரி இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.