தூரத்துக்குக் குறைவு, பக்கத்துக்கு அதிகம்

என் அக்காவுக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. கேட்டால் கௌரவம் போய்விடும் என்றுகூட இல்லை, எதிரில் இருப்பவர் சங்கடப்படுவாராம். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்க மாட்டாள். கடையில் நாலு பேர் முண்டியடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனாலும் "நான்தான் முதல்ல வந்தேன்" என்று வாய் திறக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிப்போன ஏணி வருடக்கணக்கில் அந்த வீட்டிலேயே நிற்கிறது. பல்பு மாற்ற வேண்டுமென்றால் இவள் மேசை மேல் நாற்காலி போட்டு ஏறுவாள். இப்பேர்ப்பட்டவள் ஆன்லைனில் கடை ஆரம்பித்தாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கடை என்றால் தலையணைக் கடை. முதுகு வலிக்காரர்களுக்கு நீளமாக ஒன்று, கழுத்துக்கு வளைவாக ஒன்று, படுத்துக்கொண்டே படிக்கும் சோம்பேறிகளுக்குச் சாய்வாக ஒன்று. துணி வெட்டுவது, தைப்பது, பஞ்சு அடைப்பது எல்லாம் அவளே. தையற்கடையில் பல வருடம் வேலை பார்த்த கை, ஒரு நூல் பிசகாது. வீட்டின் முன்னறைதான் தொழிற்சாலை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, மிச்ச இடமெல்லாம் பஞ்சு மூட்டை. உள்ளே போய் ஒரு தும்மல் போட்டால் அறை முழுக்கப் பஞ்சு பறக்கும். அக்கா அங்கேதான் சந்தோஷமாக இருப்பாள். பாட்டுக்கூடப் பாடுவாள், கேட்கத்தான் முடியாது.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. கணக்கு டியூஷன் எடுக்கும் மாஸ்டர் ஒருவர், தெருவைப் பார்த்த அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார். அத்தான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு அறை பஞ்சு தின்றுகொண்டிருப்பது அவர் கண்ணை உறுத்தியது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். கடையில நாலு காசு நின்னா சரி. கையக் கடிச்சா ரூம மாஸ்டருக்கு விட்டுடலாம். மிஷின மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கோ, என்ன?" என்றார்.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "சரிங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! மாடிப்படிக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்தால் மண்டை இடிக்கும். அங்கே மிஷினை வைத்தால் கடையை மூட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பஞ்சை அடைத்தாள்.

நான் ஒரு கொரியர் ஆபீஸில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். ஆகவே அக்காவின் பார்சல் எல்லாம் என்னிடம்தான் வரும். முதல் பார்சலைக் கொண்டுவந்த அன்றே சண்டை. நான் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து தொகையைச் சொன்னதும் அவளுக்கு விழி பிதுங்கிவிட்டது.

"என்னடி அநியாயம், அரைக் கிலோகூட இல்ல. சமையல் தராசுல நிறுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நிறுத்தும் பாப்போம், அளந்தும் பாப்போம். எதுல அதிகமா வருதோ அதுக்குத்தான் காசு. உன் தலையணை வண்டியில ஒரு ஆள் உக்கார்ற இடத்த அடைச்சுக்குதே."

"உள்ள இருக்கறது காத்துடி."

"காத்துக்கும் சேத்துத்தான்க்கா."

"நல்லா இருக்கே கதை! காத்துக்குக் காசு வாங்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

என்னிடம் மட்டும் இப்படி வாய் கிழியப் பேசுவாள், தங்கை பாருங்கள். ஆனாலும் காசைக் கட்டிவிட்டுத்தான் போனாள். அக்கா என்பதற்காக என் டேப் சுருங்காது.

அடுத்த வாரம் அதே தலையணையைச் செருப்புப் பெட்டி மாதிரி ஒன்றில் அடக்கிக் கொண்டுவந்தாள். அத்தானை மேலே உட்கார வைத்து அமுக்கிக் கட்டினார்களாம். பெட்டிக்குத் தொப்பை போட்டிருந்தது. நான் தராசில் வைத்தேனோ இல்லையோ, ஒட்டியிருந்த பட்டை படாரென்று விட்டது. தலையணை எகிறிப்போய், பின்னால் நின்ற பெரியவர் முகத்தில் விழுந்தது. அவர் கோர்ட்டுக் காகிதம் அனுப்ப வந்தவர். "நல்லா மெத்துன்னு இருக்கேம்மா, எவ்வளவு?" என்று கேட்டார் பாவம். அக்கா அவருக்கு அதைச் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவள் வாங்குகிறவர்களிடம் டெலிவரிக்கு எவ்வளவு போடுகிறாள்? கேட்டால் மழுப்பினாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், முன்னறையில் உட்கார்ந்து, என் போனிலேயே அவள் கடையைத் திறந்து பார்த்தேன். உள்ளூருக்கு நூறு. பக்கத்து ஊர்களுக்கு எழுபது. தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு நாற்பது. கடலுக்கு நடுவில் இருக்கும் தீவுக்கு இலவசம்!

"அக்கா, தலைகீழாப் போட்டு வெச்சிருக்க."

"இல்லடி, நல்லா யோசிச்சுத்தான் போட்டேன். பக்கத்துல இருக்கறவங்க நடந்து வந்தே வாங்கிட்டுப் போகலாம். வராம வீட்டுல உக்காந்துக்கிட்டு அனுப்புன்னா, குடுக்கட்டும். தூரத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்? அவ்வளவு தள்ளிப் பொறந்தது அவங்க தப்பா?"

"அப்போ தீவு?"

"அவங்களுக்குச் சுத்தித் தண்ணிடி!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் தூரத்துக்குத் தகுந்த மாதிரி காசு வாங்கினால், இவள் தூரத்துக்குத் தகுந்த மாதிரி இரக்கப்பட்டிருக்கிறாள். விளைவு என்ன? உள்ளூரில் ஒரு ஈ, காக்காய்கூட வாங்கவில்லை. தொலைவிலிருந்து ஆர்டர் கொட்டியது. தீவில் யாரோ ஒருத்தி வாங்கி, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, அங்கே தலையணை இல்லாத தலையே இருக்காது. ஒவ்வொன்றும் லாபத்தை விழுங்கிவிட்டு, போட்ட முதலிலும் கொஞ்சம் கடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறியது. இவளோ, "ஆர்டர் எப்படி வருது பாத்தியா!" என்று பூரித்துப்போய் இடுப்பு ஒடியத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"விக்க விக்க உனக்கு நஷ்டம்க்கா. மாசக் கடைசியில அத்தான் கணக்குக் கேட்டா ரூம் போயிடும். புரியுதா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அவள் போனில் எல்லாவற்றையும் மாற்றினேன். பக்கத்துக்குக் குறைவு, தூரத்துக்கு அதிகம், தீவுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். நாலைந்தாகச் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி. பெட்டி வெடிக்காத அளவுக்கு எவ்வளவு அமுக்கலாம் என்றும் காட்டிக் கொடுத்தேன். அக்கா எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினாள்.

"நீ மாத்திட்டே, சரி. யாராவது போன் பண்ணிக் கேட்டா நான் என்னடி சொல்றது?"

"இவ்வளவு ஆகும்னு சொல்லு. சொல்லிட்டு வாய மூடிக்கோ. அவங்க பேசற வரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது."

ஒத்திகை பார்த்தோம். நான் வாங்குகிறவள், அவள் கடைக்காரி. தொகையைச் சொல்வாள். சொன்ன வாய் மூடுமுன்பே, "அதிகமா இருந்தா விடுங்க, நானே போட்டுக்கறேன்" என்பாள். திரும்பத் திரும்ப இதே கூத்து. கடைசியில் நான் கத்தியதில் தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்தார். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று குடும்பத்தில் பெயர். இவளோடு பிறந்தால் யாருக்குத்தான் வராது?

மாசக் கடைசி வந்தது. கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தீவுக்காரர்கள் சுகமாகத் தூங்கினார்கள், இங்கே கல்லாப்பெட்டி காலி. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அறையைப் பார்க்க வந்துவிட்டார். கையோடு டேப் வேறு. போர்டு எங்கே மாட்டலாம், பெஞ்சு எத்தனை கொள்ளும் என்று அக்காவின் மேசை மேலேயே டேப்பை நீட்டி அளந்தார். அத்தான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அந்த ஆளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஞ்சு மூட்டைகளை மூலைக்குத் தள்ள ஆரம்பித்தாள். எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கை நிறையப் பஞ்சு என்பதால் அக்கா முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். தீவிலிருந்து ஒரு அம்மா. அங்கே தங்கும் விடுதி நடத்துகிறாராம், எல்லா அறைக்கும் தலையணை வேண்டுமாம்.

"டெலிவரி எப்பவும் போல ஃப்ரீதானேம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

"இல்லைங்கம்மா. இப்போ டெலிவரிக்குக் காசு உண்டு" என்று தொகையைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு துடித்தது, 'நானே போட்டுக்கறேன்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. போனில் சத்தமே இல்லை. மாஸ்டரும் அத்தானும் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மா. "இங்க ஒரு வாளி வாங்கி வரச் சொன்னாக்கூட படகுக்காரன் அதுக்கு மேல கேப்பான். இத்தன நாளா சும்மா அனுப்பறீங்களே, கடை எப்ப மூடுவாங்களோன்னு நாங்களே பயந்துக்கிட்டு இருந்தோம். கேட்டா குடுக்க மாட்டோமா? நல்ல ஆளும்மா நீங்க!"

விடுதி ஆர்டரை உறுதி செய்துவிட்டு அவர் வைத்துவிட்டார். அக்கா கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்தாள். பிறகு தன் மேசை மேல் கிடந்த டேப்பைப் பார்த்தாள்.

"மாஸ்டர், டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. இந்த ரூம் வாடகைக்கு இல்ல" என்றாள்.

அத்தான் திருதிருவென்று விழித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது, ஆனாலும் விடவில்லை. "இது எனக்கு வேணுங்க. லாபம் வந்தாலும் வேணும், வராட்டியும் வேணும்."

சொல்லிவிட்டு, ஒத்திகையில் ஒரு தடவைகூட வராத காரியத்தைச் செய்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"அதுக்கு ஏன் அழற? வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இவர வரவே சொல்லியிருக்க மாட்டேனே. கேட்டதுக்குச் சரின்னுதானே சொன்னே?" என்றார் அத்தான்.

"நான் எதுக்குத்தான் சரின்னு சொல்லல? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சரின்னுதான் சொல்லிட்டிருக்கேன். அதெல்லாம் சரியா?"

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அத்தான் ஒரு பஞ்சு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எப்படி விழிப்பார்களோ, அப்படி விழித்தார்.

"சரி, வேற என்னல்லாம் வேணும்? இப்பவே சொல்லிடு" என்றார் மெதுவாக.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிஷின் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்றேன். எழுதிக்கோங்க" என்றாள்.