மடிச்சு அனுப்பற மெசின்

ஒரே கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டே அந்த விளையாட்டை நேரலையாகவும் ஓட்டுவது, ஒரே ஆள் பந்தி பரிமாறிக்கொண்டு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி. இரண்டும் உருப்படாது. எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். எனக்கு நிற்காது, பார்க்கிறவர்களுக்கு நின்றுவிடும். நான் சுட்டு ஜெயித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் பழைய சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் நின்றுவிட்டது அக்கா என்று ஒருவர் எழுதுவார். கொஞ்ச நேரத்தில் அவரும் போய்விடுவார். இருக்கிறவர்களே கொஞ்சப் பேர். அதில் ஒருவர் கழன்றாலும் எனக்கு வயிறு எரியும்.

எரியத்தான் செய்யும். சரவணம்பட்டியில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கருமத்தம்பட்டியில் அப்பாவின் தறிக்குடோனை ஒட்டிய அறையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். வயது முப்பதை நெருங்குகிறது. இதுவும் ஒரு வேலைதான் என்று நான் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று வெளியே பேசிக்கொள்வேன். உண்மையில் ஒரே ஒரு ஆளிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. அது அப்பா.

வேலையை விட்டேன் என்று சொன்ன அன்றைக்கு அவர் திட்டவில்லை. சரி என்றார். அந்தச் சரி என்னவென்று புரியாமல் நான் பல நாள் தவித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பற்றி விசாரித்தால் எத்தனை தறி ஓடுது என்பதுதான் முதல் கேள்வி. தறிக் கணக்கு தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி. நான் எதை ஓட்டுகிறேன் என்று அப்பா யாரிடம் எப்படிச் சொல்வார்?

அதனால்தான், இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று பேச்செடுக்க அத்தனை யோசித்தேன். ஒன்றில் விளையாட்டு மட்டும், இன்னொன்றில் படத்தை வாங்கி வெளியே அனுப்புகிற வேலை மட்டும் என்று விளக்கினேன். அப்பா பனியனில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடியே கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப நெய்யறது ஒரு மெசின், மடிச்சு அனுப்பறது ஒரு மெசின். அப்படித்தான அம்மணி?" என்றார்.

நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கே சொல்ல வந்ததில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

காந்திபுரத்துக் கடையில் பாகங்களை வாங்கினேன். கடைக்காரர் ஆபீசுக்குங்களா என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவிநாசி ரோடு முழுக்கப் பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே ஏதாவது உடைந்திருக்குமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. நீலாம்பூர் தாண்டுவதற்குள் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. கண்டக்டர் முறைத்ததால் விட்டேன்.

பாகங்களைப் பூட்டியது ஒரு பொழுதில் முடிந்துவிட்டது. ஓட வைத்ததுதான் பெரும்பாடு. எங்கள் வீட்டுக் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. புது விசிறி ஒரு வாரத்தில் தலையணை உறை மாதிரி ஆகிவிடும். குடோனில் தறியை ஊதிச் சுத்தம் பண்ணுகிற காற்றுக்குழாயை இழுத்து வந்து கம்ப்யூட்டரையும் ஊதினேன். அடுத்தது கரண்ட். தறிகள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் குனிந்து எழும். புது மெசினும் கூடவே படுத்து எழும். அதற்கு ஒரு யூபிஎஸ். அதற்கப்புறம் சத்தம். இந்த மெசினின் படத்தை அந்த மெசினுக்குக் கொண்டுபோக நடுவே ஒரு சின்னக் கருவி உண்டு. படம் அதன் வழியாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகும், என் குரலோ மைக்கிலிருந்து நேராகப் போய்விடும். நான் ஐயோ என்று அலறிய பிறகுதான் திரையில் எனக்கு அடி விழும். வரப்போவதை முன்கூட்டியே சொல்கிற குடுகுடுப்பைக்காரி ஆகிவிட்டேன்.

குரலையும் அதே அளவு தாமதிக்க வைத்துச் சரிசெய்தேன். அடுத்து, குரலையும் விளையாட்டுச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, என் காதுக்கு ஒரு பங்கும் இரண்டாவது மெசினுக்கு ஒரு பங்கும் அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். மிக்ஸர் வாங்கணும் என்று அம்மாவிடம் சொன்னேன். காரம் போட்டதா, போடாததா என்று அம்மா கேட்டாள்.

கடைசித் தொல்லை தறி. அது ஓடும்போது அறைச் சுவரே பேசும். அதற்கும் வழி இருந்தது. இந்த அளவுக்குக் குறைவான சத்தமெல்லாம் வெளியே போகக்கூடாது என்று மென்பொருளில் ஒரு வரம்பு வைக்கலாம். உயரமாக வைத்து, மைக்கைக் கடிக்கிற மாதிரி நெருங்கிப் பேசினால் தறிச் சத்தம் நின்றுவிடும், என் குரல் மட்டும் கேட்கும். ஒவ்வொரு ராத்திரியும் கனவில்கூட அந்த அளவைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைத் தட்டோடு எடுத்துவந்து திரை முன்னால் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அப்பா வாசலில் நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போவார். நான் அதையும் ஆதரவு என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மெசினோடு முதல் முழு நேரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிறு தறி லீவு. வீடே அமைதி. அமைதியாகத்தானே இருக்கிறது, எதற்கு மைக்கைக் கடிக்க வேண்டும் என்று அந்த வரம்பை அடியோடு இறக்கி வைத்தேன். படம் நிற்கவில்லை. ஒரு திணறல் இல்லை. வழக்கமாக வருகிறவர்களோடு புதிதாகவும் ஆட்கள் வந்தார்கள், இருந்தார்கள். என் விளையாட்டைவிட என் வாய்க்குத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எதிரியைக்கூட, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுடுவேன். வேண்டுமென்று செய்வதில்லை. பதற்றத்திலும் மரியாதை விட்டுப்போகாத வாயாக அமைந்துவிட்டது.

நடுவில் பொள்ளாச்சி அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைத்து அழைக்க வந்திருக்கிறார். முன்னறையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டதும் மைக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்புக் கோடும் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு விளையாடினேன்.

ஆனால் என் காதில் அத்தை பேசினார். மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர் ஹெட்போனுக்குள், பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. மைக்கின் குரலை என் காதுக்கும் வருகிற மாதிரி நான்தானே வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. அத்தை என்னைப் பற்றிக் கேட்டதுதான் காரணம். அம்மணி வேலையை உட்டுபோட்டாளாமே, யாரோ சொன்னாங்க என்றார்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்பா என்ன சொல்லப்போகிறார்? மடிச்சு அனுப்பறது என்று அத்தைக்கும் விளக்குவார், அத்தைக்குப் புரியாது, அப்பா மறுபடியும் விளக்குவார் என்று எதிர்பார்த்தேன். கேட்க ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை.

"யாருங்க்கா அப்படிச் சொன்னது? கம்பெனியிலதான் இருக்கறா. இப்ப ஊட்ல இருந்தே பாக்கறா" என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "வேலை சாஸ்தியாப் போச்சுன்னு கம்பெனியில இன்னொரு கம்ப்யூட்டரும் குடுத்துருக்கறாங்க. வேணும்னா உள்ள போய்ப் பாருங்க, ரெண்டு இருக்குது" என்றார்.

திரையில் என்னைச் சுட்டுவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை. நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அவமானம் என்றுதான் சொல்ல வேண்டும், காது சுட்டது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். எழுத்துகள் கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தன. எந்தக் கம்பெனிங்க என்று ஒருவர். எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று ஒருவர். நாங்க பேசறதெல்லாம் ஆபீஸ் மீட்டிங்குங்களா என்று ஒருவர். அக்கா, மைக் திறந்திருக்கு என்று ஒரே ஒரு நல்லவர் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். நான் அழுத்தியது முதல் மெசினின் பொத்தான். மைக் இப்போது இரண்டாவது மெசினோடு போகிறது. வரம்பையும் இறக்கி வைத்ததால் முன்னறைப் பேச்சு வரைக்கும் அதில் போயிருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே கம்ப்யூட்டரில் பழகிய விரல் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. அப்பா அத்தையிடம் பேசியதை மலேசியாவிலிருந்து அவிநாசி வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். அவிநாசியில் இருக்கிற இரண்டு பேருக்கு எங்கள் வீடு தெரியும்.

மைக்கின் வயரைப் பிடுங்கினேன். விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அத்தை கிளம்பிக்கொண்டிருந்தார். என் தலையில் கை வைத்து, நல்லா இருக்கோணும் அம்மணி, கண்ணுக்கு ஓய்வு குடு, லீவு நாள்லகூட இப்படி வேலை வாங்கறாங்களே என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். போயிட்டு வாரேன் என்று சொல்லி அவர் கேட்டைத் தாண்டும்வரை அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டுவிட்டேன். என்னைச் சொல்ல உங்களுக்கு வெட்கமா, வெட்கமென்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று. குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு ஏறிவிட்டது. அப்பா பத்திரிகையை மேசையில் நேராக வைத்தார். மறுபடியும் நேராக வைத்தார்.

"வெக்கமெல்லாம் இல்ல அம்மணி. இது சரிப்பட்டு வரலீன்னா நீ திரும்பி வேலைக்குப் போவயில்ல, அப்ப ஒருத்தரும் ஏன்னு கேக்கக் கூடாது. நீ உட்டது யாருக்கும் தெரியாம இருந்தா, திரும்பிப் போனதும் தெரியாதில்ல. அதுக்குத்தான் எல்லார்த்துகிட்டயும் இப்படியே சொல்லி வெச்சுருக்கறேன்" என்றார்.

எல்லாரிடமும். வேலையை விட்ட நாளிலிருந்து. எனக்குக் கோபம் போகவில்லை, அழுகையும் சேர்ந்துகொண்டது. தோற்றுப்போவேன் என்றே வைத்துக்கொண்டு எனக்காக இத்தனை பாடுபட்டிருக்கிறார். இதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இன்றைக்கு நீங்கள் பேசியது அத்தைக்கு மட்டும் கேட்கவில்லை, என்னைப் பார்க்க வருகிற அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது, நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும், இனி நம் ஆட்களுக்கும் தெரிந்துவிடும் என்றேன். அப்பா கோபப்படுவார் என்று நின்றேன். பொய் வெளியான ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம் அவரிடம் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ இனித் திரும்பிப் போக முடியாதே அம்மணி" என்றார்.

இத்தனை நாள் உட்கார விடாமல் என்னைத் துரத்திக்கொண்டிருந்தது படமோ குரலோ வோல்டேஜோ இல்லை, இந்த ஒரு வாக்கியம்தான் என்று அப்போது தெரிந்தது. அதை நான் எனக்குள் சொல்லாமல் வைத்திருந்தேன், அவர் சொல்லிவிட்டார். பயத்தில் அவர் உதடு காய்ந்திருந்தது. எனக்கும்தான். தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நான் குடித்தேன். உள்ளே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். போ என்றார்.