ஜாவா ரயிலில் ஏறாத பார்சல்

நான் இந்தோனேசியாவுக்குப் போனதே இல்லை. ஆனாலும் அந்நாட்டு ரயில் ஒன்றைப் பற்றி லண்டனில் ஒரு மணிநேரம் பேசி, ஒரு நல்ல மனிதரை அங்கே அலையவைத்தேன். அது பெரும் பிழை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் மனைவியை இழந்தவர். ரயில் என்றால் பைத்தியம். இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்கள் மழையில் பிளாட்பாரத்து நுனியில் நின்று என்ஜின் இலக்கம் எழுதுவதை முதலில் கண்டபோது, உளவாளிகள் என்று பயந்து வீட்டுக்கே திரும்பி நடந்தவன் நான். அன்றைய இலங்கையில் அப்படி எழுதினால் ஆமிக்காரன் சும்மா விடமாட்டான். அப்படியிருந்தும் டெஸ்மண்ட் அழைத்தபோது அவருடைய ரயில் ரசிகர் கழகத்தில் சேர்ந்தேன். கூட்டம் நடக்கும் தேவாலய மண்டபத்தில் ஹீற்றர் இருந்தது, பிஸ்கற்றும் இருந்தது.

அங்கத்தவர் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு ரயிலின் வரலாற்றைச் சொல்லவேண்டும். இலங்கை ரயிலை முன்னாள் தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் படங்களோடு பேசி முடித்திருந்தார். ஆகவே கழகத்தில் ஒருவரும் போகாத நாடாகத் தேடி, கிழக்கு ஜாவாவில் சுரபாயாவிலிருந்து மலாங் வழியாக பிளிட்டாருக்கு ஓடும் பயணிகள் ரயிலைப் பிடித்தேன். "அங்கே இருந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "கொஞ்சக் காலம்" என்றேன்.

ஒல்லாந்தர் சீனிக்கும் கோப்பிக்கும் பாதை போட்டது, ஜப்பானியர் வந்தது, நீராவி போய் டீசல் வந்தது என்று நூலகப் புத்தகத்தில் படித்ததெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மண்டபம் என்னையே பார்த்தது. வேறு வழியின்றி எங்கள் யாழ்ப்பாண ரயிலை ஜாவாவில் ஓடவிட்டேன். ஒருவரை ஏற்றிவிட ஒரு குடும்பமே வரும், பிரியாவிடை முடியாமல் பாதிப்பேர் அடுத்த ஸ்ரேசன்வரை அள்ளுப்பட்டுப் போவார்கள் என்றேன். முன்பின் தெரியாத பயணியிடம் யன்னலால் பார்சலைத் திணித்து, "மகன் அங்கை நிப்பான், குடுத்துவிடுங்கோ" என்பார்கள். அவரும் மடியில் வைத்துக் காவிப்போய்க் கொடுப்பார் என்றேன். டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்தார். பிறகு சேமித்த காசையெல்லாம் எடுத்து ஜாவாவுக்கு ரிக்கற் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, போய் உண்மையைச் சொல்லுங்கோ. மனுசன் பாவம்" என்றாள் என் மனைவி புஷ்பம்.

"சொல்லத்தான் போறன்."

"எப்ப? பிளேன் ஏறின பிறகோ? ரண்டு டிகிரி வைச்சிருக்கிறியள், ஒரு உண்மை சொல்ல ஏலாது!"

சொல்லவில்லை. அவர் போய் வந்தார்.

"நல்ல ரயில். யன்னலோரம் கைகளைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் தரவில்லை" என்றார். பிறகு, "என்னைப் பார்த்தால் நம்பமுடியாதவன் போலவா இருக்கிறது?" என்று கேட்டார்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்து, "அப்படியானால் அந்த ரயில் எங்கே?" என்றார்.

"இப்போது ஓடுவதில்லை. யுத்தம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கழகத்திலும் எழுந்து சொன்னேன். இனி நான் உரையாற்றக்கூடாது, தேநீர் ஊற்றலாம் என்று தீர்மானித்தார்கள்.

அடுத்த மாதம் டெஸ்மண்ட் ஏதோ பழைய என்ஜின் பார்க்க லெஸ்ரர் நகருக்குப் புறப்பட்டார். புஷ்பத்தின் தம்பி சிவா அங்கேதான் இருந்தான். நாங்களும் ஸ்ரேசனுக்குப் போனோம். ரயில் புறப்படும் நேரம் கதவு யன்னலால் புஷ்பம் ஒரு பார்சலைத் திணித்தாள். "டெஸ்மண்ட் அண்ணை, தம்பி அங்கை நிப்பான், குடுத்துவிடுங்கோ." தமிழில்தான் சொன்னாள். அவர் பார்சலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பின்னேரம் சிவாவின் போன். "அத்தான், ஆரிது? வடையைத் தந்திட்டு, கிடைச்சதெண்டு கையெழுத்துப் போடச் சொல்லுறார்!"

என்னை மன்னித்ததாக டெஸ்மண்ட் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்த பயணங்களுக்கு, எத்தனை மணி ரயில் என்று மட்டும் வேலியால் எட்டிச் சொன்னார். செய்தி பரவி, எங்கள் ஆட்கள் இருக்கும் கிங்ஸ்பரியிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் பார்சல்களாக வந்தன. கொண்டுவந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு பிளாட்பாரத்தில் வந்து நின்றார்கள். ஒருமுறை ரயில் காட் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இதில் பயணம் போகிறவர் யார்?" என்று கத்தினார்.

டெஸ்மண்ட் உள்ளே இருந்து கையை உயர்த்தினார். பிளாட்பாரத்தில், ரிக்கற் இல்லாமல், யாழ்ப்பாணம் போகிறவன்போல நானும் உயர்த்தினேன்.