முதல் கரண்டிச் சோறு

அண்ணனுக்கு வருஷத் திதி. நினைவு மலரில் போட நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணியார் கேட்டார்கள். மனம் மரத்துப் போயிருக்கிறது. ஓராண்டாக எனக்கு அழுகைகூட வரவில்லை. வருவதை எழுதுகிறேன், பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் லால்குடியை அடுத்த எங்கள் ஊரில் பிறந்தார். பத்தொன்பது வயதில் தந்தையை இழந்து, இரண்டு காணி நிலத்தை வைத்துக்கொண்டு என்னை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தார். சொந்தத்தில் யாருக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு மறுநாள் ஊர்ச் சோறு. வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, கோயில் வாசலில் பொங்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவோம். முதல் கரண்டிச் சோறு பரிமாறும் உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பாவுக்குப் பின் அண்ணன் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு பரிமாறினார். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு திருவிழாவின்போது நான் பிரசவத்துக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் கணவர் ரயில்வே வேலையாக வெளியூர் போயிருந்தார். ஆபரேஷன் என்றார்கள், கையெழுத்துப் போட ஆள் இல்லை. தகவல் போன அன்றே அண்ணன் பஸ் பிடித்து வந்து நின்றார், மணிக்கட்டில் காப்போடு.

"என்னண்ணே, காப்போட வந்திருக்கீங்க?"

"பெரியவங்ககிட்டக் கேட்டுட்டுத்தாம்மா வந்தேன். நீ பேசாம படு."

நம்பினேன். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மறு வருடம் குழந்தையோடு திருவிழாவுக்குப் போனேன். முதல் கரண்டியை வேறு வீட்டார் பிடித்திருந்தார்கள். அண்ணன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "நான்தாம்மா விட்டுக் குடுத்தேன்" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா பிடிச்ச கரண்டியை ஊரானுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே, உங்களுக்கு மானம் இல்லையா?"

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணன், "சோறு ஆறுதும்மா, சாப்பிடு" என்றார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதன்பின் ஊர்ச் சோற்றுக்குப் போகவே இல்லை.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை கண்டு, பதினோரு நாளில் அண்ணன் போய்விட்டார். கருமாதியன்றுதான் அண்ணியார் சொன்னார்கள்.

"பெரியவங்க போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. தாண்டினா இனிமே கரண்டி உனக்கு இல்லேன்னாங்க. சரின்னுட்டு பஸ் ஏறிட்டாரு. தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னு ஊர் வாயையும் கட்டிட்டாரு."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் அதுவும் சரிதான்.

நோயில் கைவிடாமல் பார்த்த டாக்டர் அவர்களுக்கும், வேளை தவறாமல் பத்தியக் கஞ்சி வைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று பந்தியில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கெல்லாம் உண்மை தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. உங்கள் முன்னால்தான் அவரைக் கேட்டேன். கேட்டது தவறு என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். வருகிற திருவிழாவுக்கு ஊர்ச் சோறு சாப்பிட வருகிறேன். பந்தியில் எனக்கும் ஒரு இலை போடுங்கள்.

தங்கை,
ஸ்ரீரங்கம்