மூன்று கார்டு ஆனந்தராஜ்

செஞ்சிக் கூட்ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜுக்குக் கடன் வாங்கத் தெரிந்த அளவுக்கு வெட்கப்படத் தெரியாது என்பது அவன் மனைவி கலைவாணியின் கணிப்பு. மூன்று கிரெடிட் கார்டையும் தேய்த்துத் தேய்த்து மூத்தவளுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தியவன், மண்டபத்து வாசல் பேனரில் செஞ்சி ராஜாகோட்டைக்கு முன்னால் நிற்பதுபோலத் தன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுக்கொண்டான். இப்போது வசூலுக்கு வருகிற வங்கி ஆளின் பைக் சத்தம் கேட்டாலே கடையின் பின்பக்கமாக நழுவிவிடுகிறான்.

விழுப்புரத்து வக்கீல் திவால் மனு போட்டுவிடலாம் என்றார். ஊரில் அதற்கு மஞ்ச நோட்டீஸ் என்று பேர். அதைக் கேட்டு வந்ததிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். மானத்துக்குப் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று கலைவாணிகூடக் கொஞ்சம் இரக்கப்பட்டுவிட்டாள்.

"இப்பவே நோட்டீஸ் குடுத்துட்டா எவனும் மொய் வெக்க மாட்டான்," என்றான் அவன். "மொதல்ல சின்னவனுக்குக் காது குத்திடலாம். மொய்ய வாரிக்கினு அப்புறமா குடுக்கலாம்."

"வெச்சவங்களுக்கு நாள பின்ன திருப்பி வெக்கணுமே?"

"திவாலானவன்கிட்ட எவன் கேப்பான்?"

காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். எல்லாரையும்விடப் பெரிய மொய் வைக்க வேண்டியவரும் அவர்தான். கலைவாணி அவன் எதிரிலேயே வல்லத்திலிருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இவரு பத்திரிக வெக்க வருவாரு. மடிய மட்டும் குடு. மொய் வெக்காத."