என்னைத் தூக்க வேண்டாம்

கல்லூரி முடிக்கும் முன்பே ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. அதிலிருந்து எனக்குச் சக்கர நாற்காலிதான். வீடு பழங்காநத்தத்தில், வேலை திருப்பரங்குன்றத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்வது. பக்கம்தான். ஆனாலும் பல வருஷம் ஆட்டோவை விட்டால் வழி இல்லை.

ஆட்டோ கிடைக்காத நாட்களில் பஸ்ஸில் போயிருக்கிறேன். யாராவது ரெண்டு பேர் தூக்கி ஏற்றுவார்கள். ஒருத்தர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருத்தர் காலைப் பிடிப்பார். சேலை விலகும். பஸ் முழுக்க என்னையே பார்க்கும். ஒருமுறை தூக்கியவரின் கை போகக்கூடாத இடத்துக்குப் போனது. இறக்கிவிட்ட பிறகு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் எங்கள் வழித்தடத்தில் தாழ்தள பஸ் வந்தது. நடுக்கதவுத் தரையில் ராம்ப் என்று ஒரு சரிவுப் பலகை மடித்து வைத்திருக்கும். அதை வெளியே விரித்துப் போட்டால் நாற்காலியோடு உள்ளே போய்விடலாம். முதல் நாள் ஆசையாகப் போய் நின்றேன். டிரைவர் நடு ரோட்டிலேயே நிறுத்தி, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் இன்னொருவர், பின்னால் காலியாக ஒன்று வருகிறது என்றார். வந்தது. அதில் ராம்ப் வேலை செய்யாது என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை பஸ் நின்றதும் நான் கதவுப் பக்கம் போகவில்லை. பக்கத்துக் கடை வாசல் சரிவு வழியாக ரோட்டில் இறங்கி, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு எதிரே போய் நாற்காலிக்குப் பிரேக் போட்டேன்.

கண்டக்டர் இறங்கி வந்தார். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். ராம்ப் இறுகிக் கிடக்கிறது, இதுவரை யாரும் திறந்ததில்லை, தூக்கி ஏற்றிவிடுகிறோம் என்றார். அதற்குள் நாலைந்து பயணிகள் இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"என்னைத் தூக்க வேண்டாம் தம்பி. பலகையை இறக்குங்க, நானே ஏறிக்கிறேன்" என்றேன்.

பெரியவரின் முகம் மாறிவிட்டது. "இம்புட்டுப் பேரு உதவிக்கு நிக்கிறோம், வீம்பு எதுக்கும்மா? எல்லாரும் வேலைக்குப் போகணும்ல?"

"நானும் வேலைக்குத்தான் போறேன்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தலையை நீட்டி, "அவங்கதான் வேணாம்னு சொல்றாங்கள்ல. நம்மள நாலு ஆம்பளைங்க தூக்குனா சும்மா இருப்பமா?" என்று கேட்டாள்.

டிரைவர் ஒரு இரும்புக் கம்பியோடு இறங்கினார். அவரும் கண்டக்டரும் நடுக்கதவில் குனிந்து நெம்பினார்கள். மண்ணும் கிழிந்த டிக்கெட்டுகளும் உதிர, பலகை கிளம்பிவிட்டது. ஆனால் பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால்தான் ராம்ப் செங்குத்தாக இல்லாமல் படியும். பஸ் நகர நான் விலக வேண்டும். விலகினால் போய்விடுவார்களோ என்று அசையாமல் இருந்தேன்.

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. "நான் உங்க கூடவே நிக்கிறேன்க்கா. என்னைய விட்டுட்டு வண்டி போகாதுல்ல?" என்றார்.

விலகினேன். பஸ் ஒட்டி வந்து நின்றது. கடை வாசல் சரிவு வழியாகத் திரும்ப நடைமேடைக்கு ஏறி, பலகையில் சக்கரத்தை வைத்தேன். முதல் தள்ளில் நாற்காலி வழுக்கியது. யாரோ பின்னால் கை வைத்தார், வேண்டாம் என்றேன். அடுத்த தள்ளில் உள்ளே இருந்தேன்.

பெரியவர் திருப்பரங்குன்றம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இறங்கும்போது கண்டக்டர் நான் கேட்காமலே பலகையை விரித்தார்.

சாயங்காலம் வேறு பஸ், வேறு டிரைவர். பின்னால் வருது என்று கையைக் காட்டினார். திரும்பவும் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வழியில் ஓட்டுகிற பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சிலர் நல்ல முகத்தோடு விரிக்கிறார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே விரிக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.