திருநின்றவூர் வரை தூக்கிய தலை

முன்னறைத் தரையில் ஒரு கோரைப்பாய். அதன் ஒரு முனையில் என் மூன்று மாதப் பெண் குழந்தை குப்புறக் கிடக்கிறாள். மறுமுனையில், அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர் தானும் குப்புறப் படுத்து, முகவாயைத் தரையில் பதித்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதோடு சரி, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "அடுத்த நிலையம், திருமுல்லைவாயல்" என்று மூக்கால் அறிவிக்கிறார். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கக் குழந்தை தலையைத் தூக்குகிறாள். கழுத்து ஆடுகிறது. பிறகு முகம் பொத்தென்று பாயில் விழ, வீடு அதிரும்படி அழுகிறாள். "அண்ணனூரு ஸ்டேஷன் வர்றதுக்குள்ளயே எறங்கிட்டியா? சரி உடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவளை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொள்கிறார். என் வாழ்க்கையில் கண்ட காட்சிகளில் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

அவர் என் கணவரின் அண்ணன். என் பெண்ணுக்குப் பெரியப்பா. எனக்கு மாமா முறை என்றாலும், நானும் அவரை அப்படியே பெரியப்பா என்று இங்கே எழுதுகிறேன். திருநின்றவூரில் ஏரிக்குப் பின்புறம் புதிதாக மனை பிரித்த இடத்தில் எங்கள் வாடகை வீடு. அண்ணன், தம்பி, நான் ஆகிய மூன்று பேர் மட்டுமே இருந்த வீடு அது. மாமியாரும் மாமனாரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். என் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அம்மாவோடு சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பிரசவத்துக்கு அங்கேதான் போனேன். குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. அம்மா யாரைப் பார்ப்பாள்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூருக்கே வந்துவிட்டேன்.

பெரியப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். காலை ஷிப்ட் முடிந்து மூன்றரை மணி வாக்கில் வீட்டுக்கு வந்துவிடுவார். என் கணவர் வருவதற்கு ஏழரை ஆகும். கல்யாணமாகி இரண்டு வருடங்களில் பெரியப்பா என்னிடம் நேராகப் பேசியதாக நினைவில்லை. தம்பியிடம், "எனக்குச் சோறு போதும்னு சொல்லு" என்பார். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கோபக்காரரோ வெறுப்பவரோ இல்லை, கூச்ச சுபாவம். எந்நேரமும் தலையில் ஒரு நீலத் துணித் தொப்பி இருக்கும். வீட்டுக்குள்ளும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள் என்றும், டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார் என்றும், அதற்குப் பிறகு எங்கும் பெண் பார்க்கப் போகவில்லை என்றும் என் கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஏன் கழற்றவில்லை என்று நான் கேட்டதற்கு, "அது அப்படித்தான், உடு" என்று முடித்துக்கொண்டார்.

குழந்தை எப்போதும் வலது பக்கமே பார்த்துப் படுப்பாள். ஜன்னல் அந்தப் பக்கம் இருப்பதால் வெளிச்சத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்து நானும் மகிழ்ந்துபோயிருந்தேன். சமத்தான குழந்தை, தூளியில் போட்டால் மணிக்கணக்காகத் தூங்குவாள். அந்த நேரத்தில் சமையலும் துவையலும் முடித்துவிடுவேன். தடுப்பூசி போடப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் முதலில் சொன்னாள். "இன்னாமா, கொயந்த மண்ட பின்னால ஒரு பக்கம் சப்பையா கீது? திருப்பித் திருப்பிப் போட மாட்டியா?" அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டு மேலிருந்து பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் மண்டை தட்டையாகியிருந்தது. வலது காதே இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி வந்ததுபோல் இருந்தது. தினமும் எண்ணெய் தடவிய கைதான், எப்படித் தெரியாமல் போனது?

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவள் தூங்கும்போதெல்லாம் தலையை இடது பக்கம் திருப்புவேன். கையை எடுத்ததும் தானாக வலது பக்கம் போய்விடும். எதிர்வீட்டு அக்கா கடுகு நிரப்பிய ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தாள். குளிப்பாட்டும்போது மண்டையை அழுத்தி உருட்டச் சொன்னாள். செல்போனில் தேடினால், குப்புறப் போட்டுத் தூங்க வைத்தால் ஒரே மாதத்தில் சரியாகும் என்று ஒரு வீடியோ வந்தது. கணவரிடம் சொன்னபோது, "முடி மொளச்சா மறைஞ்சிடும்" என்று சிரித்தார். கேட்டுக்கொள்ள வீட்டில் வேறு பெண்கள் இல்லை. அந்தத் தலை, அம்மாவாக எனக்குக் கிடைத்த மதிப்பெண் போல எனக்குத் தோன்றியது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, வீடியோவில் சொன்னபடி குப்புறப் படுக்க வைத்தேன். முகத்துக்கு அடியில் கடுகுத் தலையணை. தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி இருக்கும், திடீரென்று தூறல் விழும் சத்தம் கேட்டது. மாடியில் காய்ந்த துணி அத்தனையும் கொடியில். ஓடிப்போய் அள்ளினேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. துணிமூட்டையோடு படியில் இறங்கும்போது கீழேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. பெரியப்பாவின் குரல் என்று எனக்கு உடனே புரியவில்லை, அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

குழந்தை அவர் கையில் மல்லாந்து கிடந்தாள். முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கன்னத்தில் கடுகுகளின் பதிவு புள்ளி புள்ளியாக. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பெரியப்பா அவள் முதுகைத் தேய்த்தார், பாதத்தைச் சுண்டினார். ஒரு இழுப்பு இழுத்து வீறிட்டாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"இன்னாமா பண்ணி வெச்சிக்கீற? தலகாணில மூஞ்சி அமுங்கிக் கெடக்குது! நான் அடுத்த வண்டில வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். "அவ தலை சப்பையாயிடுச்சு மாமா. என்னாலதான். அதைச் சரி பண்ணத்தான்..." என்றேன். துணிகளெல்லாம் வாசலில் சிதறிக் கிடந்தன.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார். குழந்தையின் அழுகை விக்கலாக அடங்கியது. பிறகு அவளை என் மடியில் வைத்துவிட்டு எனக்கெதிரே தரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முதுகைக் காட்டித் திரும்பினார். உச்சிக்குக் கீழே மண்டை செங்குத்தாக இறங்கியிருந்தது, செதுக்கி எடுத்ததுபோல.

"பாத்துக்க. எங்கம்மா நடவுக்குப் போவும். என்ன ஒரு பலகை மேல படுக்க வெச்சிட்டு வயல்ல எறங்கும். பொழுதுக்கும் அப்டியே கெடப்பேன். அது இன்னா பண்ணும் பாவம்? பள்ளிக்கூடத்துல என் பேரே பலகதான். கம்பெனிலயும் ஒரு பய கண்டுபுட்ச்சி கூப்ட்டுகினு இருந்தான். அதான் தொப்பி." திரும்பி என்னைப் பார்த்தார். "ஆனா அதால செத்துட்டனா? இருவத்தாறு வருசமா மெசினு ஓட்டிகினு கீறேன். ஒரு வெரலு போவல. மண்டை சப்பையா இருந்தா இருந்துட்டுப் போவுது. உசுரு வேணும்மா, உசுரு. சரி பண்ண முடியும்னா டாக்டராண்ட கேப்போம். நாளைக்கு நான் லீவு."

மறுநாள் ஆவடியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா நாடாவால் தலையை அளந்தார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினார். மண்டையோட்டு எலும்புகளில் கோளாறு இல்லை, மூளை வளர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். கழுத்தின் இடது பக்கத் தசை இறுகியிருப்பதால்தான் குழந்தை வலது பக்கமே திரும்புகிறாள், ஒரே இடம் அழுந்தி அழுந்தித் தட்டையாகியிருக்கிறது, நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார். தூங்கும்போது எப்போதும் மல்லாந்துதான், தலையணையே கூடாது. விழித்திருக்கும்போது யாராவது கூடவே இருந்து, ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குப்புறப் போட வேண்டும். தூளியில் மணிக்கணக்காக விடாமல் நிமிர்த்தித் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தலையை அழுத்தி உருட்டக் கூடாது. கழுத்துக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பார். இவ்வளவுதான். "இது உங்க தப்பில்லம்மா. சீக்கிரம் வந்திருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றார். நான் அழுதேன். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை குழந்தையின் படுக்கையைத் திருப்பிப் போட்டது. கால் இருந்த பக்கம் தலை. இப்போது ஜன்னல் அவளுக்கு இடது பக்கம் வந்துவிட்டது. "வெளிச்சம் வேணும்னா திரும்பித்தான் ஆவணும்" என்று அவளிடம் சொன்னார். கழுத்துப் பயிற்சியை நானே பழகிக்கொண்டேன். குப்புறப் போடும் வேலையில்தான் தோற்றேன். பாயில் வயிறு பட்டதுமே அழுவாள், எனக்கு அந்த மத்தியானம் கண்முன் வந்துவிடும், உடனே தூக்கிவிடுவேன். நான்கு நாள் இதைப் பார்த்த பெரியப்பா, ஐந்தாவது நாள் தானே பாயில் குப்புற விழுந்தார். குழந்தையிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார். தினமும் தான் வீடு திரும்பும் வழியை, அம்பத்தூரிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாக நிதானமாகச் சொன்னார்.

முதல் வாரம் திருமுல்லைவாயலைத் தாண்டவில்லை. காலையிலும் பகலிலும் என்னோடு, சாயங்காலம் அவரோடு என்று பழகப் பழக அழுகை குறைந்தது. ஆவடி வரை போனாள். மழை பெய்த ஒரு வாரம் சளி பிடித்து மறுபடி திருமுல்லைவாயலுக்கே வந்துவிட்டாள். சில நாள் இந்து கல்லூரியில் பிடிவாதமாக இறங்கிவிடுவாள். நான் சமையலறையிலிருந்து, "இன்னைக்கு எதுவரைக்கும் மாமா?" என்று கேட்பேன். "பட்டாபிராம்!" என்று பதில் வரும். நாங்கள் இருவரும் நேராகப் பேச ஆரம்பித்தது அப்படித்தான். ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, நெமிலிச்சேரி தாண்டி, கைகளை ஊன்றி நெஞ்சையும் தூக்கிக்கொண்டு, திருநின்றவூர் வந்த பிறகும் தலையை இறக்காமல் அவரையே பார்த்துச் சிரித்தாள். "ஊடு வந்துடுச்சிடா! எறங்குடா!" என்று அவர் கத்தியதில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

தலை ஒரே மாதத்தில் சரியாகவில்லை. உருண்டாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். அந்தத் தட்டைப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வந்தது. ஒரு வயதில் மொட்டை போடும் பேச்சு எழுந்தபோது மிச்சமிருந்ததை முடி மறைத்திருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அந்த முடியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன். சொந்தக்காரர்கள் கேட்கவில்லை, நாள் குறித்துவிட்டார்கள். கோயிலுக்குப் போன அன்று, மொட்டை போடும் கொட்டகையில் பெரியப்பா எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மொதல்ல எனக்கு."

கணவரும் உறவினர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மொட்டை அடித்தவருக்கு எதுவும் தெரியாது. கத்தியை ஓட்டிக்கொண்டே, "நல்லா பலக மாதிரி கீது சார், கத்தி வழுக்கினு போவுது" என்றார். முதலில் சிரித்தது பெரியப்பாதான், தோள் குலுங்கச் சிரித்தார். "பாத்து இழுப்பா, பலகைக்கு வலிக்கப் போவுது." பிறகு என் பெண்ணை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை, தாய்மாமன் உட்கார வேண்டிய இடம் அது. அவள் முடியும் போயிற்று. வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்னச் சரிவு இருந்தது, தேடினால்தான் தெரியும். தேடுவதற்கு யாருக்கும் அன்று நேரமில்லை. அதற்குப் பிறகு அவர் தொப்பி போட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு வயது. பெரியப்பா இன்னும் அதே ஷிப்டுக்குப் போய் வருகிறார். சென்ற மாதம் ஒரு காலை, பள்ளிக்கு அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் பக்கத்தில் அவளது சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விரல் அந்தச் சரிவில் பட்டதும் என்ன தோன்றியதோ, ஏழு வருடமாக அவரிடம் சொல்லாத அந்த மத்தியானத்தைச் சொன்னேன். கடுகுத் தலையணை, மாடி, தூறல், எல்லாவற்றையும்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் ஸ்டேஷன்ல வந்து நின்னுகினு இருந்தாரு. கொயந்தைக்கு ஒண்ணும் இல்ல, அந்தப் பொண்ணுதான் பயந்து போய்க் கீது, நீ போய் அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டின்னா நான் உனக்கு அண்ணனே கெடையாதுன்னாரு."

அன்று கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் போய்ப் படு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. என் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்துச் சொன்னார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பின்னுமா. லேட்டாவுது" என்றாள் என் பெண்.